மன்னிப்பாம், மன்னிப்பு!

தூக்கிலிட்ட அரசு மன்னித்துவிட்டதாம்! 1995 நவம்பர் 10 அன்று கென் சாரோ-விவாவையும் தோழர் எண்மரையும் கொன்ற நைஜீரியா, 2025 ஜூனில் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கிற்று, விருதும் சூட்டிற்று. குற்றவாளிக்கன்றோ தோழர்களே, மன்னிப்பு!

அவர் செய்ததென்ன? எண்ணெய் எடுத்தீர், ஒகோனி மக்களின் வயலையும் ஓடையையும் ஏன் கெடுத்தீர் என்றார். 1993 சனவரியில் மூன்று இலட்சம் பேர் அமைதியாக அணிவகுத்தனர். இராணுவ ஆட்சியோ கொலைக்குத் தூண்டினாரெனப் பழி சுமத்தி, மேல்முறையீடற்ற தனிமன்றத்தில் நிறுத்தியது.

ஷெல் நிறுவனம் 2009இல் 155 இலட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்தது; தவறு மட்டும் செய்யவில்லையாம்! 2011இல் ஐ.நா. ஆய்வர், ஓர் ஊரின் குடிநீர்க் கிணற்றில் பென்சீன் நச்சு வரம்பைக் காட்டிலும் 900 மடங்குக்கு மேலிருக்கக் கண்டனர். அந்நீரைக் குடித்தோரிடம் மன்னிப்புக் கேட்டவர் யார்?

விருது இருக்கட்டும். அந்தத் தீர்ப்பை இரத்துச் செய்யுங்கள்!