மனைக்கு முன் ஊரைப் பாருங்கள்!



அஸ்தினாபுரத்தில் சிறியதாகப் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர் சில மாதங்களுக்கு முன் நம்மைத் தேடி வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா நகல். பன்னிரண்டு வருடம் கடையில் நின்றே சேர்த்த பணம், ரியாத்தில் இருக்கும் தம்பி அனுப்பிய பணம், மனைவியின் நகை... எல்லாம் அந்தப் பைக்குள் காகிதமாகக் கிடந்தது. தாம்பரத்துக்கு மேற்கே அரை கிரவுண்டு மனை.

"காகிதமெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது பாய். மழை பெய்தால் மட்டும் மனையைக் காணவில்லை!" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்திரத்தைப் புரட்டினோம். உண்மையிலேயே எல்லாம் சரி. விற்றவர் பொய் சொல்லவில்லை. பதிவு செய்த அலுவலகம் விதியை மீறவில்லை. லே-அவுட்டுக்கு அங்கீகாரமும் இருக்கிறது. யாருமே ஏமாற்றாமல் ஒரு மனிதர் ஏமாந்து போயிருக்கிறார்! எப்படி? அந்த ஊர் வீடு கட்டத் தகுந்த ஊரா, தகுதி என்றால் எவ்வளவு தகுதி, அங்கே இன்னும் எத்தனை வீடு தாங்கும் என்பதை அவருக்குச் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இருக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஊர்களுக்குத் தரம் பிரிப்பது நம் அரசாங்கத்துக்குத் தெரியாத வித்தையா? நன்றாகவே தெரியும். சிறப்பு நிலை, தேர்வு நிலை, முதல் நிலை என்று நகராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் பட்டம் கொடுப்பதைப் பல காலமாகப் பார்க்கிறோம். அந்தப் பட்டம் எதை வைத்து? ஆண்டு வருமானத்தை வைத்து. வருமானம் எங்கிருந்து? ஒரு பங்கு சொத்து வரியிலிருந்தும் கட்டட அனுமதிக் கட்டணத்திலிருந்தும். அதாவது ஏரிக்கரை வரை வீடு முளைத்தால் ஊரின் நிலை உயரும்! தண்ணீர் நிற்க இடம் விட்ட ஊர் கீழ்நிலையிலேயே கிடக்கும்!

மத்திய அரசும் பட்டியல் போடுகிறது. 2016-ல் 73 நகரங்களைத் தூய்மைக்காக வரிசைப்படுத்தினார்கள். 2018-ல் 111 நகரங்களை 'எளிதாக வாழத் தகுந்த நகரங்கள்' என்று வரிசைப்படுத்தினார்கள். அதில் திருச்சி 12-வது, சென்னை 14-வது. பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. ஆனால் சென்னைக்கு இத்தனாவது இடம் என்பதை வைத்துக்கொண்டு அஸ்தினாபுரத்துக்காரர் என்ன செய்வார்? முடிச்சூரில் வாங்கலாமா, செம்பாக்கத்தில் வாங்கலாமா என்பதற்கு அந்தப் பட்டியலில் பதில் உண்டா?

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. தெருத் தெருவாக, சர்வே எண் வாரியாகத் தரவரிசை போட்டு அரசு ஏற்கெனவே வைத்திருக்கிறது. அதன் பெயர் வழிகாட்டி மதிப்பு! எந்தத் தெருவில் சதுர அடி என்ன விலை என்று பதிவுத் துறைக்கு விரல் நுனியில் தெரியும். முத்திரைத் தீர்வை வசூலிக்க வேண்டுமே! அதே தெருவில் 2015 டிசம்பரில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று அதே பட்டியலில் இன்னொரு கட்டம் சேர்க்க எவ்வளவு செலவாகும்?

சகோதரர்களே, அந்த டிசம்பரை உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடிகளில் நின்றவர்களைப் படகில் இறக்கினார்கள். பள்ளிவாசல்களைத் திறந்துவிட்டு, சாதி மதம் பாராமல் எல்லோரையும் தங்க வைத்துச் சோறு போட்டீர்கள். இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட் சுமந்த இளைஞர்கள் இன்று இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். அந்தத் தெருக்களின் பெயர்கள் உங்களுக்கு மனப்பாடம். அதே தெருக்களில் இன்று மனை என்ன விலை? வாங்குபவர்களில் நம் மாமா, மச்சான் யாரேனும் உண்டா? அவர்களிடம் நீங்கள் சொன்னீர்களா?

நம் பகுதியின் தண்ணீர்க் கணக்கு ரொம்பச் சிக்கலானதல்ல. சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கம் ஏரிக்கு வழியும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒவ்வொரு படியாக இறங்கிப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சேரும். சதுப்பு நிலத்திலிருந்து ஒக்கியம் மடுவு வழியாகக் கோவளம் பக்கம் கடலுக்குப் போக வேண்டும். தாம்பரத்துக்கு மேற்கே விழும் மழையோ அடையாற்றைத் தேடி ஓடும். இந்த இரண்டு பாதைகளில் எந்தப் படியில் நம் மனை இருக்கிறது? மேல் படியா, கீழ்ப் படியா, படியின் மேலேயேவா? இதுதான் முதல் கேள்வி. புரோக்கர் சொல்லும் 'ஸ்டேஷனுக்கு ஐந்தே நிமிடம்' அதற்குப் பிறகுதான்.

பள்ளிக்கரணை 2022-ல் ராம்சார் நிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலமாக அறிவிக்கப்பட்டது. 2025-ல் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டட அனுமதி தரக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் தடுத்தபோது, ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் கையைப் பிசைந்தார்கள். தடை தவறு என்று நாம் சொல்ல மாட்டோம். எல்லைக் கோட்டை மனை விற்கும் முன்பே போட்டிருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறோம். விற்ற பிறகு கோடு போட்டால் நஷ்டம் வாங்கியவன் தலையில்தானே விடியும்?

ஏழைகளுக்கு அரசே கட்டிக் கொடுத்த இடத்தையும் பாருங்கள். பெரும்பாக்கத்தில் சுமார் 20,000 குடியிருப்புகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரையில் இருந்தால் ஆபத்து என்று அடையாறு ஓரத்துக் குடும்பங்களைக் கொண்டு போய் இறக்கிய இடங்களில் அதுவும் ஒன்று. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அங்கேயும் தண்ணீர். ஊரின் தகுதியைப் பார்த்து வீடு கட்டாமல், காலி நிலம் எங்கே என்று பார்த்து வீடு கட்டினால் இப்படித்தான் ஆகும்.

2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2 என்று வைத்தன. ஒரு கிரவுண்டில் 4,800 சதுர அடி. மேட்டுத் தெருவுக்கும் அதே 2, பள்ளத் தெருவுக்கும் அதே 2! பணம் கட்டினால் அதற்கு மேலும் கட்டலாம். எவ்வளவு என்பது சாலையின் அகலத்தைப் பொறுத்தது. அகலத்தை அளக்கும் டேப்பால் ஆழத்தையும் அளக்கக் கூடாதா?

இங்கே நம்மையும் கொஞ்சம் தட்டிக் கேட்டாக வேண்டும். ஊருக்கு மார்க் போடுவதில் நமக்கென்று ஒரு முறை இருக்கிறது. பள்ளிவாசல் எவ்வளவு தூரம், மதரஸா இருக்கிறதா, கறிக்கடை உண்டா, நம்மாட்கள் எத்தனை வீடு... முடிந்தது! இதில் தவறில்லை. பெயரைக் கேட்டதும் 'வீடு காலி இல்லை' என்று கதவைச் சாத்தும் ஊரில், சொந்த மனை தேடி நம்மவர்கள் ஒரே பக்கம் போவதன் வேதனை நமக்குத் தெரியும். ஆனால் அந்த அவசரத்தில்தான் மற்ற கேள்விகள் விட்டுப் போகின்றன.

இன்னொன்று. வட்டி வேண்டாம் என்று நம்மில் பலர் வங்கிக் கடன் வாங்காமல் ரொக்கம் கொடுத்து வாங்குகிறோம். நல்ல முடிவு. ஆனால் கடன் கொடுக்கும் வங்கி தன் பணத்துக்குப் பயந்து ஒரு வக்கீலை வைத்து மூலப்பத்திரம் வரை தோண்டிப் பார்க்கும், பொறியாளரை அனுப்பும். வங்கியைத் தவிர்த்த நாம், வங்கி செய்யும் அந்தச் சோதனையையும் சேர்த்துத் தவிர்த்துவிடுகிறோம்! 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை போட்டபோது மஞ்சள் பையோடு அலைந்தவர்கள் எத்தனை பேர்! 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்து பலர் தப்பினார்கள். ஏரி, குளம், வாய்க்கால், புறம்போக்கில் வாங்கியவர்களுக்கு அந்த வாசல் திறக்கவில்லை.

வக்கீல் பார்ப்பது உரிமையைத்தான், வெள்ளத்தை அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். 'அ' பதிவேட்டில் அந்த சர்வே எண் முன்பு என்ன வகை நிலம் என்று பாருங்கள். புலப்படத்தில் பக்கத்து நிலம் வாய்க்காலா என்று பாருங்கள். பிறகு மழை நாளில் ஒரு முறை, அந்தத் தெருமுனை டீக்கடையில் அரை மணி நேரம் உட்காருங்கள். டீக்கடைக்காரருக்குத் தெரியாத வெள்ளமா?

தண்ணீர் வெளியே போவது ஒரு பக்கம். உள்ளே என்ன தண்ணீர் என்பது இன்னொரு பக்கம். குரோம்பேட்டை என்ற பெயரே தோல் கம்பெனியால் வந்தது. பல்லாவரம், நாகல்கேணி, பம்மல் பக்கம் தோல் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. நம் சமுதாயத்தவரும் அதில் முதலாளிகளாகவும் தொழிலாளிகளாகவும் இருந்தார்கள். நிலத்தடி நீர் கெட்டதும் உண்மை. 1996-ல் உச்ச நீதிமன்றம் அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. நீதிமன்றம் அபராதம் போடலாம். கிணற்றைத் திருப்பித் தர முடியாது. எங்கே போர் போட்டால் என்ன வரும் என்று ஊர்வாரியாக எழுதி ஒட்டினால் வாங்குபவனுக்கு எவ்வளவு உபகாரம்!

சரி, தரவரிசை போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அதிலும் ஓர் ஆபத்து உண்டு. இங்கிலாந்தில் எங்கே எத்தனை வீடு என்று ஒதுக்கும் முன் ஊர்களை வரிசைப்படுத்தும் வழக்கம் இருக்கிறது. கடை, பள்ளிக்கூடம், டாக்டர், பஸ், ரயில் எல்லாவற்றையும் கணக்கிட்டுப் பெரிய ஊர், நடுத்தர ஊர், சிற்றூர் என்று படி பிரிப்பார்கள். மேல் படிக்கு அதிக வீடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1951-ல் டர்ஹாம் மாவட்ட நிர்வாகம் தன் நிலக்கரிச் சுரங்கக் கிராமங்களை ஏ, பி, சி, டி என்று பிரித்தபோது என்ன நடந்தது? 'டி' வாங்கிய நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களில் புதிதாக எதுவும் கட்டக் கூடாது, பணம் போடக் கூடாது, தானாகவே தேய்ந்து போகட்டும் என்று விட்டார்கள். தொழிலாளி மக்கள் கால் நூற்றாண்டு போராடினார்கள். 1977-ல்தான் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது.

ஆகவே பட்டியலை யார் போடுகிறார்கள், கீழே வந்த ஊரை என்ன செய்யப் போகிறார்கள் என்பதுதான் விஷயம். கீழே வந்த ஊருக்குப் புதிய மாடிகளை நிறுத்துங்கள். வடிகாலை முதலில் கொடுங்கள். இருக்கிற மக்களைத் துரத்தும் சீட்டாக அது மாறினால், முதலில் எதிர்ப்பவர்கள் நாமாக இருப்போம். ஊரை மேலே ஏற்ற முடியும் என்பதற்குச் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. ஆலந்தூரில் 1990-களின் இறுதியில் மக்கள் வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கட்டிப் பாதாளச் சாக்கடையை வரவழைத்தார்கள்.

2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. பல்லாவரம் நகராட்சியில் இருந்த அஸ்தினாபுரமும் அதற்குள் வந்தது. பெயர்ப் பலகை மாறியது. பள்ளம் பள்ளமாகவே இருக்கிறது. 70 வார்டுகளுக்கும் தண்ணீர், வடிகால், சாக்கடை, பஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று மதிப்பெண் போட்டு, தமிழில், ரேஷன் கடைச் சுவரில் ஒட்டச் சொல்கிறோம். அந்த மதிப்பெண்ணைப் பொறுத்துத்தான் மாடிக்கு அனுமதி என்று விதி வரட்டும்.

கேட்பதற்கு இதுதான் காலம். பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008-ல் வந்தது, 2026 வரைக்குமானது. அடுத்த இருபது வருடங்களுக்கான மூன்றாவது திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் ஆட்சேபணைக்கு வைக்கும்போது சட்டப்படி குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும். அந்த இரண்டு மாதத்தில் பெரிய பில்டர்களின் கடிதங்கள் கத்தை கத்தையாகப் போகும். உங்கள் கடிதம் போகுமா? ஒவ்வொரு மஹல்லாவிலும் நான்கு இளைஞர்கள் உட்கார்ந்து, எந்தத் தெருவில் எந்த வருடம் எவ்வளவு தண்ணீர் என்று வரைபடத்தில் குறித்து, ஜமாஅத் முத்திரையோடு அனுப்பலாம். மற்ற சமுதாயத்து நலச் சங்கங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வார்டு பார்த்து வருவதில்லை, வீட்டுக்காரன் பெயர் கேட்டும் வருவதில்லை.

மனை வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் போன்ற பத்திரிகைகளில் வரும் மனை விளம்பரங்களையும் சேர்த்தே சொல்கிறோம். சந்தையில் தானியக் குவியலுக்குள் கை விட்ட நபி (ஸல்) அவர்களின் விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. ஈரமானதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். கோடையில் லே-அவுட் போட்டு, கொடி கட்டி, வேன் வைத்து அழைத்துப் போய், மழைக்காலத்துக்குள் விற்று முடிப்பவர்கள் இந்தச் சம்பவத்தை ஒரு முறை நினைத்துப் பார்க்கட்டும்.

அந்தப் பாத்திரக் கடைச் சகோதரர் மனையை விற்றுவிட நினைக்கிறார். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வந்த பிறகு அந்தப் பக்கம் விலை கேட்டு ஆட்கள் வருகிறார்களாம். காம்பவுண்டுச் சுவரில் 2023-ல் தண்ணீர் நின்ற உயரத்துக்குச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார். வருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் காட்டுகிறார். இதுவரை மூன்று பேர் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். நான்காவது ஆள், அடுத்த மழையில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாராம்.