இரண்டாவது வேலை இருக்கும் ஊர்

சென்னையை விட்டுத் திருச்சிக்கோ மதுரைக்கோ சேலத்துக்கோ போய்விடலாமா என்ற பேச்சு இன்று பல வீடுகளில் நடக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளம், 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த தட்டுப்பாடு, 2023-ன் மிக்ஜாம் புயல் என ஒவ்வொரு முறையும் இந்தப் பேச்சு வலுத்தது. கொரோனா காலத்தில் சொந்த ஊரிலிருந்தே வேலை பார்த்தவர்கள், அது முடியும் என்பதையும் காட்டிவிட்டார்கள். போகலாம், போவது நல்லது என்பதே நம் கருத்து. ஆனால் போனவர்கள் அங்கே நிலைத்திருக்க வேண்டுமானால், அரசு செய்தாக வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது.

முதலில் லாபத்தைப் பார்ப்போம். வீட்டு வாடகையில் உள்ள வித்தியாசத்தை அரசே ஒப்புக்கொள்கிறது. மத்திய அரசு ஊழியருக்குச் சென்னையில் அடிப்படை ஊதியத்தில் 30 சதவீதம் வீட்டு வாடகைப்படி. திருச்சி, மதுரை, கோவை, சேலத்தில் 20 சதவீதம். சந்தையில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. சென்னையில் இரண்டு படுக்கையறை வீட்டுக்குக் கொடுக்கும் வாடகையில் இந்த ஊர்களில் தனி வீடே கிடைக்கும். அதைவிடப் பெரிய லாபம் நேரம். வேளச்சேரியிலிருந்து அம்பத்தூருக்குப் போய்வருபவர் சாலையில் தொலைக்கும் மணிநேரங்கள், திருச்சி தில்லைநகரில் குடியிருப்பவருக்குப் பிள்ளைகளுடன் இருக்கும் மாலைப்பொழுதாகின்றன. வயதான பெற்றோர் அருகில் இருக்கிறார்கள் என்றால் அந்தக் கணக்கை ரூபாயில் போடவே முடியாது.

இழப்புகளும் உண்டு. சம்பளம் குறையும். சிக்கலான சிகிச்சை என்றால் சென்னைக்கோ கோவைக்கோ ஓட வேண்டியிருக்கும். மதுரை எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டடம் எழும்பாததால் முதல் மாணவர்கள் ராமநாதபுரத்தில் படிக்க நேர்ந்தது. இரவு ஒன்பது மணிக்கு மேல் டவுன் பஸ் அரிதாகிவிடும் ஊர்களில் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஆட்டோவே கதி. வெள்ளத்துக்குத் தப்பிவிட்டோம் என்றும் இருக்க முடியாது. 2023 டிசம்பரில் சென்னை மூழ்கிய இரண்டே வாரத்தில் நெல்லையும் தூத்துக்குடியும் மூழ்கின.

இவற்றைவிட ஆழமான குறை ஒன்றை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. வாடகைக்கு வீடு தேடும்போது என்ன சாதி என்று கேட்கும் வழக்கம் சென்னையிலும் ஒழியவில்லை. சிறிய ஊர்களில் அது இன்னும் வெளிப்படையாக நடக்கிறது. தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் தனியாக வாழும் பெண்களுக்கும் பெருநகரத்தின் முகமறியாக் கூட்டம் ஒரு பாதுகாப்பு. அதை விட்டுவிட்டு வரச் சொல்லும் ஊர், அவர்களுக்குக் கதவைத் திறக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். வாடகைதாரரிடம் பாகுபாடு காட்டுவதற்கு எதிராகச் சட்டம் இயற்றாமல் இடம்பெயர்வைப் பற்றிப் பேசுவது பாதி மக்களை ஒதுக்கிவிட்டுப் பேசுவதாகும்.

இத்தனைக்கும் நடுவில் குடும்பங்களைத் தயங்கவைப்பது இரண்டாவது வேலை. சென்னையில் ஒரு நிறுவனம் கைவிட்டால், அதே பழைய மகாபலிபுரம் சாலையில் இன்னொன்று இருக்கிறது. இடைநிலை நகரத்தில் அந்த ஒரு வேலை போனால் மறுபடியும் மூட்டை கட்ட வேண்டும். கணவனுக்கு வேலை கிடைக்கும் ஊரில் மனைவியின் படிப்புக்கு ஏற்ற வேலை இருப்பதில்லை. பல குடும்பங்களில் இடம்பெயர்வின் முழு விலையையும் கொடுப்பவள் அவள்தான்.

ஒரே தாய்த் தொழிற்சாலையை நம்பியிருப்பதன் ஆபத்தைத் திருச்சி பார்த்திருக்கிறது. திருவெறும்பூர் பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆர்டர்களை நம்பித் துவாக்குடியைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் எழுந்தன. அனல்மின் நிலைய ஆர்டர்கள் குறைந்தபோது அவை வரிசையாக முடங்கின. வெல்டர்களும் ஃபிட்டர்களும் வேறு ஊர் தேடிப் போனார்கள். கோவையின் கதை வேறு. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் நூற்பாலைகள் பெருகின. ஆலைக்கு உதிரிபாகம் செய்தவர்கள் மோட்டார், பம்ப்செட், கிரைண்டர் என்று கிளைவிட்டார்கள். பிறகு கல்லூரி, மருத்துவமனை, மென்பொருள் என்று விரிந்தது. ஆலைகள் பல மூடியபோதும் ஊர் காலியாகவில்லை. ஒரு தொழில் சாய்ந்தால் தாங்கிக்கொள்ள இன்னொன்று உள்ளூரிலேயே இருந்தது.

விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் ஆகிய ஊர்களில் 2024-ல் மினி டைடல் பூங்காக்கள் திறக்கப்பட்டதை வரவேற்கிறோம். ஆனால் ஊருக்கு ஒரு கட்டடம் என்ற கணக்கு, ஊருக்கு ஒரு வேலை என்பதோடு நின்றுவிடும். தஞ்சாவூரின் பூங்காவும் திருச்சி நவல்பட்டின் ஐ.டி. பூங்காவும் துவாக்குடிப் பட்டறைகளும் கரூரின் ஜவுளி ஏற்றுமதியும் ஒரே வேலைச் சந்தையாக வேண்டும். திருச்சியிலிருந்து தஞ்சாவூரும் புதுக்கோட்டையும் ஏறக்குறைய 50 கி.மீ.; கரூர் 80 கி.மீ.க்குள். முதல் இரண்டு ஊர்களின் தூரம், சென்னைக்குச் செங்கல்பட்டிலிருந்து தினமும் வேலைக்கு வருகிறவர்கள் கடக்கும் தூரம்தான். அவர்களுக்கு அடிக்கடி ஓடும் புறநகர் மின்சார ரயில் இருக்கிறது. இவர்களுக்கு இல்லை, அவ்வளவே. திருச்சி-தஞ்சை இரட்டைப் பாதையில் காலையிலும் மாலையிலும் அரை மணிக்கு ஒரு ரயில் ஓடினால், வீட்டை மாற்றாமலே வேலையை மாற்றலாம். கணவனும் மனைவியும் வேறு வேறு ஊரில் வேலை பார்த்து ஒரே வீட்டுக்குத் திரும்பலாம்.

மாநில அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் மண்டல விரைவு ரயிலுக்காக மூன்று தடங்களை ஆய்வுக்கு எடுத்தது. அவற்றில் இரண்டு சென்னையிலிருந்து கிளம்புபவை. மூன்றாவது கோவை-சேலம் தடம். காவிரி டெல்டாவுக்கும் தென் மாவட்டங்களுக்கும் அதில் இடமில்லை. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ.; மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். அது தேவையில்லை என்று நாம் சொல்லவில்லை. ஏற்கெனவே இருக்கும் தண்டவாளத்தில் கூடுதல் ரயில் விடுவதற்கு அதில் ஒரு சிறு பகுதிகூட ஆகாது என்பதைத்தான் சொல்கிறோம். ரயில்வே மத்திய அரசின் கையில் இருக்கிறது என்பதைக் காரணமாகக் காட்டிச் சும்மா இருக்க முடியாது. மாநிலம் செலவைப் பகிர முன்வந்து கேட்க வேண்டும்.

பெரிய நகரத்தில்தான் தொழில் வளரும், முதலீட்டைச் சிதறவிடக் கூடாது என்பார்கள். பெரிய சந்தை வேண்டும் என்பது சரிதான். நான்கு ஊர்களை ரயிலால் கோத்தால் அந்தச் சந்தை கிடைத்துவிடும். எல்லோரும் ஒரே ஊரில் நெருக்கியடித்துக் குடியிருக்க வேண்டியதில்லை.

அரசு தன் அலுவலகங்களிலிருந்தும் தொடங்கலாம். 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டபோது, தென் மாவட்ட மக்களின் சென்னைப் பயணம் குறைந்தது மட்டுமா நடந்தது? வழக்கறிஞர்கள், தட்டச்சர்கள், விடுதிகள், உணவகங்கள் என்று மதுரையில் ஒரு புதிய தொழிலே வேர்விட்டது. வேளாண் இயக்குநரகம் டெல்டாவிலும் கைத்தறித் துறையின் தலைமை அலுவலகம் ஈரோட்டிலும் இயங்கக் கூடாதா? திருச்சியைத் தலைநகராக்க எம்.ஜி.ஆர். யோசித்த மாநிலம் இது. தலைநகரை மாற்ற வேண்டாம். துறைகளைப் பிரித்து அனுப்பினாலே போதும்.

குடிபெயர நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வாடகையை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுக்காதீர்கள். இருவருக்கும் வேலை உண்டா, அது போனால் அடுத்தது எங்கே என்று கேளுங்கள். போன பிறகு வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்து, பகுதி சபைக் கூட்டத்தில் உட்கார்ந்து பஸ்ஸையும் குடிநீரையும் கேட்டு வாங்குங்கள்.

அரசுக்கு நம் கோரிக்கை தெளிவானது: அண்டை நகரங்களுக்கிடையே அன்றாட ரயில், சென்னைக்கு வெளியே துறைத் தலைமையகங்கள், இரவு பத்து மணிக்கும் ஓடும் டவுன் பஸ், வாடகைப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம். அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே இவற்றுக்குத் தொகை ஒதுக்க வேண்டும். ஒரு வேலையை நம்பி வருகிறவருக்கு இரண்டாவது வேலையும் கிடைக்கும் என்ற உறுதியைத் தரும் ஊரில்தான் குடும்பங்கள் வேரூன்றும்.