வாய்க்கால் ஓர வீட்டை விற்கப் போகிறீர்களா?



வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். வீட்டை விற்றுப்பார் என்று அவர்கள் சொல்லவில்லை. தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு விற்பதற்கு வீடு ஏது? லயத்து வீடு நிர்வாகத்துக்குச் சொந்தம். வேலை நின்றால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

இன்று நிலை மாறியிருக்கிறது. பால் மரம் வெட்டியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் சேமநிதிப் பணத்தைப் போட்டு, வங்கியில் கடன் எடுத்து, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தில் வீடு வாங்கியிருக்கிறார்கள். கையில் இருந்த பணத்துக்கு ஏற்ற வீடு பல நேரங்களில் பாரிட் ஓரத்திலேயே கிடைத்தது. இப்போது மகன் பட்டர்வொர்த்தில் இருக்கிறான், மகள் சிலாங்கூரில் இருக்கிறாள், வயதான காலத்தில் வீட்டை விற்றுவிட்டு அவர்களோடு போய் இருக்கலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். ஆயுள் முழுவதும் சேர்த்த சொத்து அந்த ஒரு வீடுதான். அதை விற்பதில் கவனம் வேண்டாமா? இந்த மாதம் அதைப் பற்றிப் பேசுவோம்.

முதலில் தண்ணீரைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். புக்கிட் மெர்தாஜாம் மலையடியில் உள்ள ஊர். மலையிலிருந்து இறங்கும் மழைநீர் கீலாங் ஊபி ஆறு, ரம்பாய் ஆறு போன்ற சிற்றாறுகள் வழியாகவும் பாரிட்டுகள் வழியாகவும் ஓடி, ஜூரு ஆற்றில் கலந்து கடலுக்குப் போகிறது. கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் பெருமழை பெய்தால் தண்ணீர் வேகமாக இறங்க முடியாது. பின்னால் தேங்கி, தாழ்வான இடங்களில் ஏறிவிடும். 2017ஆம் ஆண்டு நவம்பர் 4, 5 ஆகிய நாட்களில் பினாங்கையும் செபராங் பிறையையும் மூழ்கடித்த வெள்ளத்தை மறந்திருக்கமாட்டீர்கள். ஏழு உயிர்கள் போயின. வாய்க்கால் ஓர வீட்டைப் பார்க்க வருகிறவர் மனத்தில் முதலில் எழும் கேள்வி அந்த வெள்ளத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

இங்கேதான் பலருக்கும் தடுமாற்றம். எங்கள் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்:

"வாத்தியாரே, முழங்கால் அளவு தண்ணி வந்ததைச் சொன்னா எவன் வாங்குவான்? ஒரு பூச்சு சாயம் அடிச்சிட்டா சுவத்துல இருக்கிற கறை தெரியாது. பேசாம இருந்துடலாமா?"

"அண்ணே, வீட்டுக்குச் சாயம் அடிக்கிறது தப்பில்லை. கறையை மறைக்கிறதுக்காக அடிச்சா அது சட்டத்துல மோசடின்னு போயிடும்" என்றேன்.

காரணத்தை உங்களுக்கும் சொல்கிறேன். 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவில், மோசடி என்றால் என்ன என்று விளக்குகிறது. அதற்கு உதாரணமாக ஒரு குதிரையைக் காட்டுகிறது. நோயுள்ள குதிரையை ஒருவன் ஏலத்தில் விற்கிறான். நோயைப் பற்றி வாயே திறக்கவில்லை. அது மட்டும் மோசடி ஆகாது. ஆனால் வாங்குகிறவன், "நீ மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்று எடுத்துக்கொள்வேன்" என்று சொல்லியும் விற்பவன் மௌனமாக இருந்தால், அந்த மௌனம் வாய்விட்டுச் சொன்ன பேச்சுக்குச் சமம். தெரிந்த உண்மையை வேண்டுமென்றே மறைக்கும் செயலும் மோசடியே. குதிரைக்குச் சொன்னது வீட்டுக்கும் பொருந்தும். "இங்கே வெள்ளம் ஏறியதா?" என்று கேட்பவரிடம் "இல்லை" என்று சொல்லி விற்றால், 19ஆம் பிரிவின்படி அவர் ஒப்பந்தத்தையே ரத்துச் செய்யக் கோரலாம். வாங்கிய பணத்தைப் பிள்ளையின் கல்யாணத்துக்குச் செலவழித்துவிட்ட பிறகு வழக்கு வந்தால் என்ன செய்வீர்கள்?

ஆகவே கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். எந்த ஆண்டு, எத்தனை அங்குலம், எத்தனை மணி நேரத்தில் வடிந்தது என்று சொல்லுங்கள். தரையை உயர்த்தியிருந்தால், மின் இணைப்புகளைச் சுவரின் மேலே மாற்றியிருந்தால், அவற்றையும் காட்டுங்கள். வீட்டுக் காப்புறுதி இருந்தால் அதில் வெள்ளம் அடங்குமா என்று பாருங்கள். சாதாரணத் தீக் காப்புறுதியில் வெள்ளம் தானாக அடங்காது, தனியே சேர்க்க வேண்டும். காப்புறுதி உள்ள வீடு என்பது வாங்குபவருக்கு ஓரளவு நம்பிக்கை தரும். பாரிட்டில் குப்பை அடைத்திருந்தால், ஆறுகளையும் பெரிய வடிகால்களையும் பார்க்கும் வடிகால் நீர்ப்பாசனத் துறைக்கோ, சிறு லோங்காங்குகளைப் பார்க்கும் செபராங் பிறை மாநகர் மன்றத்துக்கோ எழுத்தில் புகார் கொடுத்துச் சுத்தம் செய்ய வையுங்கள். புகாரின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். தேங்கிய தண்ணீரும் கொசுவும் உள்ள இடத்துக்கு யார் நல்ல விலை கொடுப்பார்கள்?

அடுத்தது எல்லை. இதுதான் வாய்க்கால் ஓர வீடுகளின் பெரிய வில்லங்கம். ஆற்றுக்கும் பாரிட்டுக்கும் பக்கத்தில் அரசாங்கம் ஒதுக்கு நிலம் வைத்திருக்கும். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டியில், 5 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள ஆற்றுக்குக் கரையில் 5 மீட்டரும், 5 முதல் 10 மீட்டர் வரை அகலமுள்ளதற்கு 10 மீட்டரும், 10 முதல் 20 மீட்டர் வரை அகலமுள்ளதற்கு 20 மீட்டரும் ஒதுக்கச் சொல்லப்பட்டிருக்கிறது. பழைய குடியிருப்புகளில் இந்த இடைவெளி குறுகியிருக்கலாம். உங்கள் நிலப்பட்டாவில் உள்ள வரைபடம் எதைச் சொல்கிறதோ அதுவே கணக்கு. சமையலறையை நீட்டிக் கட்டினோம், கோழிக்கூண்டு வைத்தோம், வாழை நட்டோம் என்றால் அந்தத் துண்டு நிலம் நமக்குச் சொந்தமாகிவிடாது. சொந்தமில்லாததைச் சேர்த்து விலை பேசாதீர்கள். எல்லைக் கல் காணாமல் போயிருந்தால் உரிமம் பெற்ற நில அளவையாளரை அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். நீட்டிக் கட்டிய பகுதிக்கு மாநகர் மன்ற அனுமதி வாங்கவில்லை என்றால், விற்பதற்கு முன்பே மன்றத்தில் விசாரித்துவிடுங்கள்.

சிலரிடம் பட்டாவே இருக்காது. ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் மட்டும் இருக்கும். தேசிய நிலச் சட்டத்தின் 68ஆம் பிரிவு அந்த உரிமத்தை இன்னொருவருக்கு மாற்றித் தர முடியாது என்கிறது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தை விற்கிறேன் என்று பணம் வாங்குவது வம்பு. வாங்கலாம் என்று நினைக்கும் தோட்டத்து அன்பர்களும் இதை மனத்தில் வையுங்கள். பட்டா இல்லாத வீட்டை மலிவு என்று வாங்கினால், ஒருநாள் அறிவிப்பு ஒட்டப்பட்டதும் தெருவில் நிற்க நேரும்.

பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். புக்கிட் மெர்தாஜாமில் உள்ள செபராங் பிறை மத்திய மாவட்ட நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தித் தேடல் எடுக்கலாம். உரிமையாளர் பெயர், வங்கி அடமானம், கேவியட் எனப்படும் தடை, மாநில அரசின் சம்மதம் இல்லாமல் விற்கக் கூடாது என்ற நிபந்தனை ஆகிய எல்லாம் அதில் தெரியும். மலிவு விலை வீடு என்றால் இந்த நிபந்தனையைக் கட்டாயம் பாருங்கள்.

வீடு இறந்துபோன தகப்பனார் பெயரிலேயே இருந்தால், அம்மா அதில் குடியிருந்தாலும் உடனே விற்க முடியாது. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டப்படி, மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கும் சேரும். இறந்தவரின் பெற்றோரும் உயிரோடு இருந்தால் மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை, பெற்றோருக்குக் கால். கட்டிக்கொடுத்த மகளுக்கும் மகனுக்கும் பங்கில் வேறுபாடு கிடையாது. சிறு சொத்தாக இருந்தால், 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் நில அலுவலகத்திலேயே மனுச் செய்யலாம். உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. அண்ணன் தம்பிகள் முகம் பார்த்துப் பேசும் காலத்திலேயே இதைச் செய்து முடியுங்கள். விலை பேசிய பிறகு பங்கு பேசினால் சண்டைதான் மிஞ்சும்.

இனித் தரகர். வீடு விற்றுத் தருகிறேன் என்று கோயிலிலும் காப்பிக்கடையிலும் வந்து உட்காருவார்கள். 1981ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவு பெற்ற முகவரும் அவர் கீழ் பதிவு பெற்ற பேச்சாளரும்தான் இந்தத் தொழில் செய்யலாம். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். கட்டணம் அதிக அளவாக விலையில் 3 விழுக்காடு. 2 இலட்சம் வெள்ளி வீட்டுக்கு அது 6 ஆயிரம் வெள்ளி. அதற்கு மேல் "சில்லறைச் செலவு" கேட்டால் எழுத்தில் கேளுங்கள். வெற்றுத்தாளிலோ, உங்களுக்குப் பதிலாக விற்கும் அதிகாரம் தரும் பத்திரத்திலோ ஒருபோதும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். பத்திரம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் படித்த மகளையோ மருமகனையோ உடன் உட்கார வைத்து, ஒவ்வொரு பக்கமும் தமிழில் சொல்லக் கேட்ட பிறகே பேனாவைத் தொடுங்கள். உங்களுக்கென்று தனி வழக்கறிஞர் வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவரின் வழக்கறிஞர் வாங்குபவருக்காகவே வேலை செய்வார்.

விலையைப் பொறுத்தவரை, அதே வரிசையில் அண்மையில் விற்ற வீடுகளின் விலையை விசாரியுங்கள். வாய்க்கால் பக்கம் உள்ள வீட்டுக்கு உள்வரிசை வீட்டின் விலை கிடைக்காது. அதற்காக, "பாரிட் ஓரம்தானே" என்று பாதி விலைக்குக் கேட்பவரிடம் அவசரப்பட்டுக் கொடுத்துவிடவும் வேண்டாம். ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது விலையில் 10 விழுக்காடு முன்பணமாகக் கொடுப்பதும், மீதியை மூன்று மாதத்தில் தீர்ப்பதும் வழக்கம். ரசீது இல்லாத முன்பணம் வாங்கக் கூடாது, முழுப் பணம் வரும் முன் சாவியும் தரக் கூடாது.

வரியைப் பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். மலேசியக் குடிமகன், வாங்கி ஐந்து ஆண்டுகள் கடந்த வீட்டை ஆறாம் ஆண்டிலோ அதற்குப் பிறகோ விற்றால், 2022 முதல் சொத்து இலாப வரி கிடையாது. மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால் இலாபத்தில் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. குடியிருந்த சொந்த வீட்டுக்கு ஆயுளில் ஒருமுறை விலக்குக் கேட்கவும் வழி உண்டு. வரி இல்லாவிட்டாலும், விற்ற 60 நாட்களுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்கு விவரம் அனுப்ப வேண்டும். விலையில் 3 விழுக்காட்டை வாங்குபவர் தரப்பு பிடித்து வாரியத்துக்குக் கட்டினால், "பணம் குறைகிறதே" என்று பதறாதீர்கள். வரி இல்லை என்று முடிவானால் அது திரும்பக் கிடைக்கும். வங்கிக் கடன் பாக்கி, நில வரி, மதிப்பீட்டு வரி, தண்ணீர், மின்சாரக் கட்டணம் ஆகியவற்றைத் தீர்த்தபின் கையில் எவ்வளவு நிற்கும் என்று முதலிலேயே தாளில் எழுதிப் பாருங்கள்.

அந்தத் தாளிலேயே இன்னொரு கேள்வியையும் எழுதுங்கள். விற்ற பிறகு எங்கே குடியிருப்போம்? மகனோடு என்றால், மருமகளும் மனமார ஒப்புக்கொண்டிருக்கிறாளா? பணம் யார் பெயரில் வங்கியில் இருக்கும்? விற்ற பணத்தை மூன்று பிள்ளைகளுக்கும் அன்றே பிரித்துக் கொடுத்துவிட்டு, மாதம் ஒரு வீடாக மாறி மாறி இருக்கும் தாய் தகப்பன்மாரை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் கெட்டவர்கள் அல்லர். அவர்கள் வீட்டில் இடம் இல்லை, அவ்வளவுதான். ஒரு பங்கையாவது உங்கள் பெயரிலேயே நிலுவையில் வைத்திருங்கள். கணவர் பெயரில் மட்டும் உள்ள வீடு என்றாலும், விற்பதற்கு முன் மனைவியின் சம்மதத்தைக் கேளுங்கள். அடுப்படிக்குள் வெள்ளம் வந்தபோது அரிசி மூட்டையைத் தூக்கி மேலே வைத்தவள் அவள்தானே?