திறப்பு யாரிடம்?

புதிய வீட்டுக்குக் குடிபுகுவோர் பால் காய்ச்சுவதற்கு நாள் பார்க்கின்றனர். நொத்தாரிசிடம் உறுதி முடித்து, காணிப் பதிவகத்தில் அதைப் பதிந்தும் கொள்கின்றனர். ஆனால் வாசற்கதவின் பூட்டை மாற்றுவோர் மிகச் சிலரே. "தெரிந்த மனிதரிடம் வாங்கிய வீடு, பூட்டை மாற்றினால் அவர் என்ன நினைப்பார்?" என்ற கூச்சமே காரணம். இந்தக் கூச்சம் வேண்டாதது என்பது என் கருத்து.

காரைநகரை எடுத்துக்கொள்வோம். பொன்னாலைத் தாம்போதியால் குடாநாட்டுடன் இணைந்த இத்தீவின் மக்கள், இலங்கையின் பல நகரங்களில் கடை வைத்து வணிகம் செய்தவர்கள். கடைத் திறப்பை மடியிலிருந்து இறக்காத முதலாளிகூட, ஊர் வீட்டின் திறப்பை அயலவரிடம் கொடுத்துவிட்டு ரயிலேறினார். அது அந்தக் காலத்து நம்பிக்கை. 1991இல் ஊர் இடம்பெயர்ந்தபோது பலர் கதவைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டே புறப்பட்டனர். சில நாட்களில் திரும்பிவிடலாம் என்பது அவர்களது எண்ணம். ஆண்டுகள் கழித்துத் திரும்பியோர் பலரிடம் திறப்பு மட்டுமே எஞ்சியிருந்தது. கதவும் இல்லை, நிலையும் இல்லை. பல வீடுகளுக்குக் கூரையும் இல்லை.

இன்று அந்த வளவுகள் திருத்தப்படுகின்றன, கைமாறுகின்றன. ஒரே வீட்டின் திறப்பு ஒன்று கனடாவில் தமக்கையிடம், ஒன்று லண்டனில் தம்பியிடம், ஒன்று வளவைப் பார்த்துக்கொள்பவரிடம், இன்னொன்று திருத்த வேலைக்கு வந்த மேசனிடம். எத்தனை திறப்புகள் வெட்டப்பட்டன என்பது விற்பவருக்கே தெரியாது. உறுதியில் கையெழுத்திட்டதும் உரிமை மாறுகிறது. திறப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

பூட்டை மாற்றுவது அயலவர் மீதான சந்தேகம் அல்ல. சந்தேகத்திலிருந்து அவர்களைக் காப்பது அது. புதிய வீட்டில் ஒரு சங்கிலி காணாமற் போனால், பழைய திறப்பை வைத்திருந்த ஒவ்வொருவர் முகமும் மனத்தில் வந்து நிற்கும். பொலிஸார் முதலில் கேட்பதும் "வேறு யாரிடம் திறப்பு இருக்கிறது?" என்றுதான். குற்றமற்ற ஒருவருடன் ஆயுட்காலப் பகையை வளர்ப்பதைவிடப் புதிய பூட்டின் விலை மலிவானது.

செலவும் பலர் அஞ்சுமளவுக்கு இல்லை. இக்காலத்துக் கதவுப் பூட்டுகள் பலவற்றில் திறப்பு நுழையும் உருளையை மட்டும் கழற்றி மாற்றலாம். கதவின் விளிம்பில் அதைப் பிடித்திருக்கும் திருகாணி ஒன்றே. பழைய உருளையைக் கையோடு கொண்டுபோய் அதே நீளத்தில் வாங்க வேண்டும். வெளியே துருத்திக்கொண்டிருப்பதை முறித்துவிடலாம். பெரிய திறப்புப் போடும் பழங்காலப் பூட்டாயின் முழுவதையும் மாற்றுவதே நன்று. கடற்காற்று வீசும் ஊரில் இரும்புப் பூட்டு விரைவில் கறள் பிடிக்கும், பித்தளையே தாங்கும். தேங்காயெண்ணெய் விடுவது நம்மவர் வழக்கம். அது தூசியைச் சேர்த்துப் பூட்டை இறுகச் செய்யும். பென்சில் கரித்தூள் போதும். வாசற்கதவை மாற்றிவிட்டுக் குசினிக் கதவையும் படலையின் ஆமைப்பூட்டையும் மறந்துவிடக் கூடாது.

இதுவரை சொன்னது ஆளில்லாத வீட்டுக்கு. ஆள் குடியிருக்கும் வீட்டின் கதை வேறு.

புலம்பெயர்ந்த உரிமையாளர் கோடை விடுமுறையில் வருகிறார். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் குடும்பம் சந்தைக்குப் போன நேரத்தில் பூட்டை மாற்றிவிடுகிறார். தம் வீடு, தம் பூட்டு என்பது அவர் நியாயம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் கீழ் அமைதிக்குக் குந்தகமான காணித் தகராறு நீதிமன்றம் வந்தால், முதலில் பார்க்கப்படுவது உறுதி அன்று, உடைமை. முறைப்பாட்டுக்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை மீண்டும் உள்ளே விடுமாறு நீதிமன்றம் கட்டளையிடலாம். உரிமையை நிலைநாட்டத் தனியே வழக்குத் தொடர வேண்டும்.

திறப்பை ரொறன்ரோவில் பெட்டிக்குள் வைத்திருப்பதும் ஆட்சி ஆகாது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, உரிமையாளருக்கு எதிராகப் பத்து ஆண்டுகள் தடையின்றி ஆண்டவர் காணியைக் கோரலாம். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரினால் உரிமை கோர இயலாதிருந்தோருக்கு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தனிச் சலுகை அளித்தது. 2009க்குப் பிந்திய அலட்சியத்துக்கு அச்சலுகை துணை வராது. உரிமையாளரின் அனுமதியுடன் குடியிருப்பவருக்கு அந்த இருப்பு தானாக உரிமை தந்துவிடாது என்பது உண்மை. ஆனால் அனுமதி கொடுத்ததை எழுத்தில் காட்ட முடியாதவர் நீதிமன்றத்தில் திண்டாடுவார்.

ஆகவே விற்பவர் எல்லாத் திறப்புகளையும் எண்ணிக் கொடுக்கட்டும். வாங்குபவர் அன்றே பூட்டை மாற்றட்டும். வெளிநாட்டில் இருப்பவர் வீட்டைப் பார்த்துக்கொள்பவருடன் ஒரு தாளில் உடன்படிக்கை எழுதி, இருவரும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ளட்டும். 1991இல் பூட்டிய கதவுகளை நம்மால் காக்க முடியவில்லை. இன்று இழக்கும் வீடுகளுக்குப் போரைக் காரணம் காட்ட முடியாது.