புள்ளிக்கு விலை

திண்டுக்கல் சீமையில் தோட்டமும் கையில் நாலு காசும் உள்ள ஒருவர் புள்ளிக் குதிரை வாங்க ஆசைப்பட்டால், அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். 1755-ல் பௌஜ்தாராக வந்த ஹைதர் அலி படை பெருக்கிய ஊர் இது. குதிரை ஆசை இங்கே புதிதல்ல. வாங்குகிற லட்சணத்தைத்தான் குறை சொல்கிறேன்.

"ஐயா, அசல் சீமை ஜாதி, சுழி சுத்தம்!" என்கிறான் தரகன். உடனே துண்டுக்கடியில் விரல்கள் பேச ஆரம்பித்துவிடுகின்றன. சுழியை எண்ணியாயிற்று, புள்ளியை ரசித்தாயிற்று. குதிரையை மட்டும் யாரும் பார்க்கவில்லை!

புள்ளி என்பது நிறம், ஜாதி அல்ல. அமெரிக்காவில் நெஸ் பெர்ஸ் பழங்குடியினர் வளர்த்துப் புகழ் பெற்றது அப்பலூசா. அதற்கென்று 1938-லேயே பதிவுச் சங்கம் ஏற்பட்டது. தாய் தகப்பன் பெயர் சொல்லும் காகிதம் இல்லாத குதிரையை அந்த ஜாதி என்று விற்பது, காவி கட்டியவனையெல்லாம் சந்நியாசி என்பது போலத்தான். நம் நாட்டில் திட்டுத் திட்டாக நிறம் மாறிய 'அபலக்' குதிரைகள் வேறு உண்டு. அது திட்டு, இது புள்ளி.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. அந்தப் புள்ளியைத் தரும் மரபணு தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்துவிட்டால், குட்டி பிறவியிலேயே இரவுக் குருடு. பகலில் துள்ளும், பொழுது சாய்ந்தால் தடுமாறும். அப்பலூசாக்களுக்குக் கண் அழற்சி திரும்பத் திரும்ப வந்து பார்வையே போவதும் மற்ற ஜாதிகளைவிட அதிகம். எந்தச் சுழி சாஸ்திரம் இதைச் சொல்லிற்று?

"ஏமாற்றுகிறவன் வியாபாரி, எங்களை ஏன் திட்டுகிறீர்?" என்பீர்கள். கேட்ட சரக்கைத்தானே அவன் விற்கிறான்? பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, பாண்டியர் வருஷத்துக்கு 2,000-க்கு மேல் குதிரை வாங்கியும் வருஷக் கடைசியில் 100 கூட மிஞ்சவில்லை என்று எழுதினார். பேணத் தெரிந்த ஆள் இங்கே இல்லை. வியாபாரிகள் அப்படிப்பட்டவர்களை வரவும் விடவில்லை என்பது அவர் சொன்ன காரணம். மாணிக்கவாசகர் கதையில் பரிகள் ஒரே இரவில் நரிகளாயின. இன்றைய குதிரை நரியாகத் தெரிய ஒரு வருஷம் ஆகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுக்கும் குதிரையைத் தாராளமாகப் பார்க்கலாம். ஐந்து வயதில் நிலைப்பற்கள் முளைத்து முடிந்திருக்கும். நாலு குளம்பையும் தூக்கிப் பாருங்கள். கெட்டித் தரையில் நடக்கவிட்டுப் பாருங்கள். அந்தி மங்கியபின் பழகாத இடத்தில் நடத்திப் பாருங்கள். மனிதனுக்கும் தொற்றும் கிளாண்டர்ஸ் நோய்க்கு ரத்தப் பரிசோதனை உண்டு. கால்நடை டாக்டரைக் கூட்டி வாருங்கள். இதற்கெல்லாம் விற்கிறவன் சம்மதிக்கவில்லையா? அதுவே பதில், வீட்டுக்குத் திரும்புங்கள்.

ஏமாந்தவருக்குப் பணம்தான் நஷ்டம். ஏமாந்ததை மறைக்க அவர் அடுத்த தலையில் கட்டும் அந்த வாயில்லா ஜீவனோ, கை மாறிக் கை மாறி, கண் மங்கி, கடைசியில் தெருவில் காகிதம் தின்கிறது.

புள்ளி மட்டும்தான் வேண்டுமென்றால் வேளாரிடம் சொல்லுங்கள். ஐயனாருக்குச் செய்வது போல் மண்ணில் ஒன்று செய்து, கேட்ட இடத்தில் புள்ளி வைத்துத் தருவார். அதற்குக் கொள்ளு வேண்டாம், கண்ணும் கெடாது.