சமஷ்டி கேட்போரே, முதலில் ஒரு சட்டத்தரணியை வையுங்கள்

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் ஏ-35 வீதியில் சிறிது தூரத்திலேயே முரசுமோட்டை வந்துவிடும். இரணைமடுக் குளத்து நீரை நம்பி நெல் விளைவிக்கும் ஊர். 2009 ஜனவரியில் இவ்வூர் மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கிழக்கு நோக்கி நடந்தார்கள். எஞ்சியோர் முகாம்களின் முள்வேலிகளைக் கடந்து மீண்டு வந்தார்கள். 2018 டிசம்பரில் வெள்ளம் வந்தது. நெருப்பிலும் நீரிலும் அழிந்தவற்றுள் காணி உறுதிகளும் அனுமதிப்பத்திரங்களும் அடங்கும்.

அவ்வூர்த் தேநீர்க் கடையொன்றில் வயது முதிர்ந்த கமக்காரர் ஒருவர் எம்மிடம் கேட்டார்: "ஐயா, சபைக்குத் தவிசாளர் இருக்கிறார், செயலாளர் இருக்கிறார், குப்பை அள்ள ரக்ரர் இருக்குது. சபைக்கெண்டு ஒரு அப்புக்காத்து இல்லையோ?"

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் துறையில் இருந்தவன் என்ற செருக்கோடு அமர்ந்திருந்த எமக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. எத்தனை தேர்தல் விஞ்ஞாபனங்களை நாம் வாசித்திருப்போம்! அவற்றுள் ஒன்றிலேனும் இக்கேள்வியைக் கண்டதாக நினைவில்லை.

2025 மார்ச் 28ஆம் திகதி வெளியான 2430ஆம் இலக்க வர்த்தமானியை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடக்கின் நான்கு மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணி அதில் குறிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் 3,669, முல்லைத்தீவில் 1,703, கிளிநொச்சியில் 515, மன்னாரில் 54 ஏக்கர். மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராவிடின் அவை அரச காணிகளாகப் பிரகடனப்படுத்தப்படும் என்பதே அதன் சாரம். உறுதியை முள்ளிவாய்க்கால் மணலில் தொலைத்தவனுக்கும், கனடாவிலோ பிரான்ஸிலோ அகதியாய் வாழ்பவனுக்கும் மூன்று மாதம்!

அன்று எமது உள்ளூராட்சி மன்றங்களில் யார் இருந்தார்கள்? மக்கள் பிரதிநிதிகள் எவரும் இல்லை. முந்திய மன்றங்களின் ஆயுட்காலம் 2023 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. தேர்தல் நடந்தது 2025 மே 6ஆம் திகதி. புதிய மன்றங்களின் பதவிக்காலம் ஜூன் 2ஆம் திகதி தொடங்கியபோது, வர்த்தமானியின் காலக்கெடுவில் நான்கு வாரங்கள்கூட எஞ்சியிருக்கவில்லை. மாலை மரியாதைகள் முடிந்து தவிசாளர்கள் நாற்காலியைத் துடைத்து அமர்வதற்குள் காலம் கரைந்துகொண்டிருந்தது.

சட்டத்தரணி எம்.ஏ.சுமந்திரன் தாக்கல் செய்த மனுவின் பேரில் ஜூன் 27ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கமும் வர்த்தமானியை மீளப்பெற்றுக்கொண்டது. நல்லது, நன்றி சொல்லுவோம். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஐந்து மாவட்டங்களையும் 34 உள்ளூராட்சி மன்றங்களையும் கொண்ட ஒரு மாகாணத்தின் காணி, காலக்கெடு முடியும் தறுவாயில், கொழும்பில் வழக்காடத் தெரிந்த ஒரு தனிமனிதரின் முயற்சியால்தான் காப்பாற்றப்பட வேண்டுமா? அவர் அன்று நோயுற்றுப் படுத்திருந்தால்?

மக்களின் வழக்குகளைத் தனித்தனியே நடத்துவது சபைச் சட்டத்தரணியின் வேலையன்று என்பதை நாம் அறிவோம். ஆனால் வர்த்தமானி வெளியான மறுநாளே அதனை வாசித்து, "இதன் பொருள் இது, இறுதி நாள் இது, மக்கள் திரட்டவேண்டிய ஆவணங்கள் இவை" என்று இரண்டு பக்கக் குறிப்பு எழுதிச் செயலாளரின் மேசையில் வைப்பது அவருடைய வேலைதான். பிரதிநிதிகள் இல்லாத நாளிலும் செயலாளர் இருந்தார், அலுவலகம் திறந்திருந்தது. வர்த்தமானி வாசிப்பதற்கென்றே சம்பளம் பெறும் ஒருவர்தான் இருக்கவில்லை. சட்டமா அதிபர் திணைக்களம் இல்லையா என்று கேட்பீர்கள். அத்திணைக்களம் நீதிமன்றில் அரசுக்காகத் தோன்றுவது. கொழும்பின் ஆணையை எதிர்த்து நிற்க வேண்டிய நாளில் அது எமக்கு எதிர்ப்பக்க மேசையில் இருக்கும்.

ஐக்கிய அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே கவுண்டி என்பது ஏறத்தாழ எமது மாவட்டம் போன்ற ஓர் உள்ளூர் ஆட்சி அலகு. பெரிய கவுண்டிகள் பலவற்றில் மாதச் சம்பளம் பெறும் சட்டத்தரணிகளைக் கொண்ட சட்ட அலுவலகம் உண்டு. ஒப்பந்தம் வாசிப்பது, உள்ளூர்ச் சட்டம் வரைவது, தவறிழைக்கப்போகும் அதிகாரியைத் தடுப்பது என அன்றாடம் வேலை செய்பவர்கள் அவர்கள். 2017இல் ஜனாதிபதி ட்ரம்ப், குடிவரவு அதிகாரிகளுடன் ஒத்துழையாத உள்ளூர் ஆட்சிகளுக்கு நிதியை நிறுத்துவேன் என்று ஆணை பிறப்பித்தார். கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுண்டி உடனே வழக்குத் தொடுத்தது. வெளிச் சட்ட நிறுவனம் ஒன்றின் துணையும் அதற்கு இருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 25ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் நீதிபதி வில்லியம் ஓரிக் அந்த ஆணைக்குத் தடை விதித்தார். அங்கே சமஷ்டி என்பது அரசியலமைப்பில் எழுதப்பட்ட சொல் மாத்திரமன்று. அதைக் கையிலெடுத்துக்கொண்டு மறுவாரமே நீதிமன்றப் படியேறும் ஆட்களும் சேர்ந்ததே சமஷ்டி.

இங்கே நடப்பது என்ன? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் சபையைக் கூட்டுருவாக்கம் பெற்ற நிறுவனமாக்கியிருக்கிறது. அது வழக்கிடலாம், அதன் மீதும் வழக்கிடலாம். உபவிதிகள் ஆக்கும் அதிகாரமும் அதற்குண்டு. அதே ஆண்டின் 13ஆம் திருத்தத்தின்படி, மாகாணத்துக்குரிய விடயங்களில் எழுத்தாணை கோரி மாகாண மேல் நீதிமன்றத்துக்குச் செல்லலாம். இத்தனையும் ஏட்டில் இருக்கின்றன. நடைமுறையில், அழைப்பாணை வந்த பிறகே சபை சட்டத்தரணியைத் தேடுகிறது. யாம் பார்த்த சபையொன்றில், கட்டணத்துக்கு அங்கீகாரம் பெறுவதற்குள் முதல் தவணை கடந்து போயிற்று. இரண்டாம் தவணைக்குச் சென்றவர் கோப்பை நீதிமன்ற வராந்தாவில்தான் முதன்முதலில் திறந்தார். அவரைக் குறைசொல்லவில்லை. தோன்றும் நாளுக்கு மட்டும் கட்டணம் பெறுபவர், தோன்றாத நாளில் சபைக்காகச் சிந்திக்கவேண்டும் என்று எந்த நியாயத்தில் எதிர்பார்ப்பது?

வெள்ளம் வருமுன் அணை கட்டு என்றார்கள் முன்னோர். சபை வழக்கில் தோற்பது நீதிமன்றத்தில் அன்று. முறையாக வழங்கப்படாத அறிவித்தலிலும், சட்டத்தரணி கண் படாத குத்தகை ஒப்பந்தத்திலும், இன்னொரு சபையிலிருந்து பார்த்தெழுதிய உபவிதியிலும் தோல்வி முன்பே எழுதப்பட்டுவிடுகிறது.

"பணம் எங்கே?" என்பார்கள். சபைக்கு ஒருவர் கேட்கவில்லை. கிளிநொச்சியில் கரைச்சி, பச்சிலைப்பள்ளி, பூநகரி என மூன்று பிரதேச சபைகள். மூன்றுக்கும் சேர்த்து ஒரு முழுநேரச் சட்டத்தரணி போதும். மாவட்டத்துக்கு ஒருவராக மாகாணத்துக்கு ஐவர். வரவேற்பு வளைவுகளுக்கும் பொன்னாடைகளுக்கும் பணம் இருக்கும் நாட்டில் ஐந்து சம்பளங்களுக்கு இல்லையா?

"தவிசாளரின் கையாளாகிவிடுவார்" என்பது இரண்டாவது ஆட்சேபம். இது நியாயமான அச்சம். ஆகவேதான் அவரை மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழு நியமிக்க வேண்டும். தவிசாளர் விலக்க முடியாதவராக இருக்க வேண்டும். அவரது எழுத்துமூல ஆலோசனை சபைக் கூட்டத்தில் முன்வைக்கப்பட வேண்டும். அவருடைய கட்சிக்காரர் சபை, தவிசாளர் அல்லர். "ஐயா, இது சட்டவிரோதம், செய்யாதீர்கள்" என்று தவிசாளரின் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவரே எமக்கு வேண்டும். அப்படியொருவரை விரும்பாத தவிசாளர்களே இந்த யோசனையை முதலில் எதிர்ப்பார்கள் என்பதையும் இப்போதே எழுதி வைக்கிறோம்.

தமிழரசுக் கட்சி தொடங்கப்பட்ட 1949 முதல் நாம் சமஷ்டி கேட்டு வருகிறோம். கேட்டது தவறன்று, இன்றும் தவறன்று. ஆனால் கையிலிருக்கும் சிறு அதிகாரத்தைப் பயன்படுத்த ஒரு சட்டத்தரணியை அமர்த்தாதவன், பேரதிகாரம் வந்தால் அதை யாரைக் கொண்டு காப்பான்? மேடையில் முழங்கும் சட்டத்தரணிகள் எம்மிடம் ஏராளம். மேசையில் இருந்து கோப்பு வாசிக்கும் ஒருவர்தான் இல்லை.

அந்தக் கமக்காரருக்கு அன்று யாம் பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் 2025 மே மாதம் அவரிடம் வாக்குக் கேட்டவர்கள். அவர் இன்னும் அதே கடையில்தான் தேநீர் குடிக்கிறார். போய்ச் சொல்லுங்கள்.