தொழுவத்துக்குக் காவல் இருந்த குள்ளத் தாத்தா

கேள்வி: ‘கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் சிவப்புக் குல்லாவும் வெள்ளைத் தாடியுமாக ஒரு குள்ளன் இருக்கிறானே, அவன் மாட்டுத் தொழுவத்தைக் காப்பவன் என்கிறான் என் பேரன். உண்மையா?’

பதில்: பேரன் சொல்வது சரிதான். ஸ்வீடனில் இவன் பெயர் டொம்தே. நார்வே, டென்மார்க்கில் நிஸ்ஸே. வீடும் தொழுவமும் அமைந்த மனைக்கு ஸ்வீடிஷ் மொழியில் ‘டொம்த்’ என்று பெயர். அந்த மனையைக் காப்பவன் டொம்தே. காடு திருத்தி அந்தப் பண்ணையை முதலில் உண்டாக்கியவரின் ஆவிதான் இவன் என்றும் பல ஊர்களில் நம்பினார்கள்.

இந்த நம்பிக்கை எப்படி வேரூன்றியது என்பது அந்த ஊர்க் குளிர்காலத்தைப் பார்த்தால் விளங்கும். மாதக்கணக்கில் பனி மூடிக் கிடக்கும், மேய்ச்சலுக்கு வழியில்லை. கோடையில் அறுத்துக் காயவைத்த புல்தான் வசந்தம் வரைக்கும் தீவனம். அது முன்னதாகவே தீர்ந்துவிட்டால் மரப்பட்டையையும் இலைக்கொத்தையும் போட்டு மாட்டைக் காப்பாற்றுவார்கள். எழுந்து நிற்கத் தெம்பில்லாத மாடுகளை, பனி உருகியதும் ஆட்கள் சேர்ந்து தூக்கி வெளியே கொண்டுவந்த காலமும் உண்டு.

ஆகவே, இரவில் தொழுவத்தைச் சுற்றி வந்து கால்நடையைக் கவனிப்பவன் டொம்தே என்றார்கள். மாட்டை அடிக்கும் ஆளுக்கும், தீவனம் போட மறந்த ஆளுக்கும் கன்னத்தில் அறை விழுமாம். சம்பளமாக அவன் கேட்டது, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் ஒரு கிண்ணம் கஞ்சி. மேலே வெண்ணெய் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஒரு பண்ணைப் பெண் விளையாட்டாக வெண்ணெயைக் கஞ்சிக்கு அடியில் வைத்தாள். வெண்ணெயைக் காணாத நிஸ்ஸே, கோபத்தில் நல்ல கறவை மாட்டைக் கொன்றுவிட்டான். திரும்பி வந்து கஞ்சியைக் குடித்தபோது அடியில் வெண்ணெய் இருந்தது. மனம் வருந்தி, பக்கத்துப் பண்ணையிலிருந்து அதே போன்ற மாட்டை ஓட்டிவந்து கட்டினான் என்று கதை முடிகிறது. மாட்டை இழந்த பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிக் கதை பேசுவதில்லை. ஆனால், ஒரு பண்ணை செழித்தால் ‘அவர்கள் வீட்டு டொம்தே நம் புல்லைத் திருடிக் கொண்டுபோகிறான்’ என்று அண்டை அயலார் புகைந்ததும் உண்டு.

14-ம் நூற்றாண்டிலேயே இந்த மனைக் காவலர்களை வணங்கக் கூடாது என்று ஸ்வீடனின் புனித பிர்கித்தா எச்சரித்தார். அப்படியும் கஞ்சிக் கிண்ணம் நிற்கவில்லை. 1881-ல் விக்டர் ரீட்பெர்க் டொம்தே பற்றி ஒரு கவிதை எழுதினார். அதற்கு யென்னி நீஸ்த்ரோம் என்ற பெண் ஓவியர் படம் வரைந்தார். பிறகு அவர் வரைந்த வாழ்த்து அட்டைகள் மூலம் டொம்தே வீடுதோறும் போனான். சாம்பல் நிற உடையில் தொழுவத்தில் உலவியவன், மெல்ல மெல்லப் பரிசு கொண்டுவரும் கிறிஸ்துமஸ் தாத்தாவாக மாறினான்.

நார்வேயில் இன்றும் கிறிஸ்துமஸ் நாளில் ஓட்ஸ் கதிர்க்கட்டு ஒன்றை வெளியே கம்பத்தில் கட்டுகிறார்கள். அது குருவிகளுக்கு. அந்த நாளில் மாடுகளுக்கும் ஒரு பிடி தீவனம் கூடுதலாகப் போடுவது பழைய வழக்கம். குடும்பம் விருந்துக்கு உட்காரும் முன் தொழுவத்துக்கு ஒரு முறை போய்வர வேண்டும் என்பதை, அந்த விவசாயிகள் குள்ளத் தாத்தாவின் பெயரால் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.